சிறுநீரகக் கல்: வலி தொடங்கியது முதல் கல் நீங்கியது உறுதியாகும் வரை

அல்லிநகரத்திலும், அதனைச் சூழ்ந்த தேனி, போடி, சின்னமனூர், கம்பம் முதலிய ஊர்களிலும் வாழ்வோர்க்குக் கல்லடைப்பு என்பது கேட்டறியாத நோயன்று. வெயிலோடு நெருப்பையும் தாங்கிச் செங்கல் சூளையில் உழைப்போரும், விடியுமுன் ஜீப்பிலேறி ஏலத்தோட்டத்துக்குச் சென்று பொழுது சாய்ந்தபின் மலையிறங்குவோரும், பஞ்சாலையில் மணிக்கணக்காக நின்றபடி நூலைக் கவனிப்போரும் உள்ள இந்தப் பிரதேசத்தில், வியர்வையாய்ப் போகும் நீர் மிகுதி, குடித்து ஈடுசெய்யும் நீர் சொற்பம். ஆகையால் இந்நோய்க்கு வேண்டிய பிரதான காரணம் இங்கே இயல்பாகவே அமைந்திருக்கிறது.

இந்த அத்தியாயத்தைப் படிப்பவர் ஒரே உண்மையை மனத்தில் நிறுத்திக்கொண்டால் போதும். வலி என்பது கல் இருப்பதற்கு ஓர் அடையாளமேயன்றி, அதன் அபாயத்தை அளக்கும் கோல் அன்று. 4 மில்லிமீட்டர் அளவேயுள்ள கல் ஒரு பலசாலியைத் தரையில் புரளச் செய்துவிட்டுத் தானே வெளியேறிவிடலாம்; அதைவிடப் பன்மடங்கு பெரிய கல் ஒரு முனகலும் எழுப்பாமல் சிறுநீரகத்தைச் சிறிது சிறிதாக அழித்துவிடலாம். எனவே வலி வரும்போது அஞ்சுவதும், நின்றவுடன் மறந்துவிடுவதுமான வழக்கத்தை விட்டு, இங்கே கூறப்படும் கிரமப்படி நடந்துகொள்ளுதல் வேண்டும்.

கல் உண்டாகும் விதம்

சிறுநீரில் கரைந்துள்ள கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் முதலிய பொருள்கள், நீர் குறைந்து சிறுநீர் அடர்ந்துபோகும்போது கரைந்திருக்க மாட்டாமல் படிகமாகி, படிகத்தின்மேல் படிகம் சேர்ந்து கல்லாகின்றன. நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கற்கள் கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. யூரிக் அமிலக் கற்களும், கிருமித் தொற்றால் வளரும் கற்களும், பரம்பரைக் கோளாறால் வரும் சிஸ்டின் கற்களும் எஞ்சியவற்றுள் அடங்கும்.

கல் சிறுநீரகத்துக்குள் இருக்கும்வரை பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை. அது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் குழாயில் இறங்கும்போதுதான் துன்பம் தொடங்குகிறது. ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தக் குழாயின் அகலம் சில மில்லிமீட்டரே. முல்லைப் பெரியாற்று வாய்க்காலின் மதகில் ஒரு கட்டை குறுக்கே சிக்கினால் மேற்புறம் நீர் தேங்கிக் கரையை நெருக்குவதுபோல, குழாயில் கல் சிக்கினால் சிறுநீர் மேலே தேங்கிச் சிறுநீரகத்தை வீங்கச் செய்கிறது. அந்த நெருக்கமே வலி. அந்தத் தேக்கமே நெடுநாள் நீடித்தால் சிறுநீரகத்துக்கு நாசம்.

வலி வந்த வேளையில் செய்ய வேண்டியவை

முதுகின் பக்கவாட்டில், விலாவுக்குக் கீழே தொடங்கி, அடிவயிற்றுக்கும் தொடையிடுக்குக்கும் இறங்கி, அலையலையாக எழுந்து தணியும் வலி, எந்த நிலையில் படுத்தாலும் இருந்தாலும் அமைதி கொள்ளாத சரீரம், குமட்டல், வாந்தி, சிறுநீர் சிவத்தல், அடிக்கடி கழிக்கத் தோன்றுதல் ஆகியவை கல்லின் இலட்சணங்கள்.

1. வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே உடல் வெப்பத்தைத் தெர்மாமீட்டரால் பாருங்கள். இந்த ஒரு பரிசோதனை உயிரைக் காக்கக்கூடியது.

2. சிறுநீர் கழிகிறதா, எந்த நிறத்தில் கழிகிறது என்பதைக் கவனியுங்கள்.

3. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை வலிக்கும் பக்கத்தில் ஒற்றடமாக வையுங்கள்.

4. தாகத்துக்கு அளவாகத் தண்ணீர் குடியுங்கள். கல்லைத் தள்ளிவிடலாம் என்று எண்ணிச் செம்பு செம்பாகக் குடித்தால், அடைபட்ட குழாயின் மேற்புறம் நெருக்கம் மிகுந்து வலியே அதிகமாகும்.

5. வலிக்குச் சிறந்த நிவாரணம் தரும் டைக்ளோஃபெனாக் போன்ற மருந்துகள் வைத்தியர் கையால் பெறத்தக்கவை. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், கர்ப்பம் ஆகியவை உள்ளவர்க்கு அவை தீங்கு செய்யும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் திரும்பத் திரும்ப வாங்கி விழுங்குவது கூடாது.

6. வலியோடு மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வைத்தியரிடம் புறப்படாதீர்கள். துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள்.

*குறிப்பு:* வலது அடிவயிற்று வலி குடல்வால் அழற்சியாகவும், பெண்களுக்குக் கருக்குழாயில் தங்கிய கர்ப்பமாகவும், அறுபது வயதைக் கடந்தோர்க்கு ரத்தநாள வீக்கமாகவும் இருக்கக்கூடும். ஆகையால் முதன்முறை வலி வந்தவர் அது கல்தான் என்று தாமே தீர்மானித்துவிடலாகாது.

ஒரு நாழிகையும் தாமதிக்கக் கூடாத நிலைகள்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று தோன்றினாலும், வலி குறைவாயிருப்பினும், 108 ஆம்புலன்ஸை அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

- வலியோடு குளிர்நடுக்கமும் காய்ச்சலும் வருதல். அடைபட்ட சிறுநீரகத்தில் தொற்று ஏற்பட்டுவிட்டது என்பதே இதன் பொருள். சீழ் ரத்தத்தில் கலந்து சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கவல்லது. மாத்திரைகள் மட்டும் இதற்குப் போதா, தேங்கிய நீரை உடனே வடித்துவிட வேண்டும்.
- சிறுநீர் அறவே நின்றுபோதல்.
- ஒரே சிறுநீரகம் உள்ளவர்க்கு வலி வருதல், அல்லது இருபுறமும் வலித்தல்.
- கர்ப்பிணிக்கு இவ்வலி தோன்றுதல்.
- தண்ணீரும் தங்காதபடி வாந்தி நீடித்தல், அல்லது மருந்துக்கும் அடங்காத வலி.

தேனி மாவட்டத்தாருக்கு, மதுரைச் சாலையில் க.விலக்கு என்னுமிடத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், பெரியகுளத்தில் உள்ள அரசுத் தலைமை மருத்துவமனையும் அண்மையில் உள்ளவை; மேற்கொண்டு சிறுநீரியல் நிபுணரின் சிகிச்சை தேவைப்படின் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்பப்படுவது உண்டு. மலைமேல் ஏலத்தோட்டத்தில் இருக்கும்போது மேற்சொன்ன அடையாளங்கள் தோன்றினால், ஊருக்கு இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று மாலை ஜீப்புக்குக் காத்திராமல், அருகிலுள்ள கேரளத்து மருத்துவமனைக்கே செல்லுதல் உசிதம்.

பரிசோதனைகளின் கிரமம்

1. *சிறுநீர்ப் பரிசோதனை.* ரத்த அணு, சீழ் அணு, அமிலத்தன்மை ஆகியவற்றைக் காட்டும். தொற்று இருப்பதாகச் சந்தேகம் எழுந்தால் கல்ச்சர் பரிசோதனையும் செய்வர்.

2. *ரத்தப் பரிசோதனை.* கிரியாட்டினின் அளவு சிறுநீரகம் வேலை செய்யும் நிலையைக் காட்டும். கால்சியம், யூரிக் அமிலம் ஆகியவற்றின் அளவு கல் உண்டான காரணத்தை ஒருவாறு உணர்த்தும். கால்சியம் மிகுந்திருந்தால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியையும் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

3. *அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்.* கதிர்வீச்சு இல்லாதது; கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் ஏற்றது. சிறுநீரக வீக்கத்தை நன்கு காட்டும். ஆனால் குழாயின் நடுப்பகுதியில் உள்ள கல்லைச் சில வேளை தவறவிடும்.

4. *எக்ஸ்ரே.* கால்சியக் கற்கள் பெரும்பாலும் தெரியும். யூரிக் அமிலக் கல் தெரியாது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்பதனாலேயே கல் இல்லை என்று முடிவு செய்வது பிழை.

5. *சி.டி. ஸ்கேன்.* மருந்து ஏற்றாமல் எடுக்கப்படும் இதுவே கல்லின் அளவையும் இடத்தையும் மிகத் துல்லியமாக அறிவிக்கும். கதிர்வீச்சு உடையதாகையால் அவசியமான போது மட்டும் எடுக்கத்தக்கது.

*உபாயம்:* எல்லா அறிக்கைகளையும் தேதி வாரியாக ஒரே உறையில் சேர்த்து வையுங்கள். ஸ்கேன் அறிக்கையில் நீங்களே தேடிப் படிக்க வேண்டியவை மூன்று: கல்லின் அளவு எத்தனை மில்லிமீட்டர், அது இருக்கும் இடம் எது, சிறுநீரகம் வீங்கியுள்ளதா. வைத்தியரிடம் கேட்கும் கேள்விகள் யாவும் இம்மூன்றைச் சுற்றியே அமையட்டும்.

காத்திருக்கலாமா, அகற்ற வேண்டுமா?

குழாயில் இறங்கிய கல் 5 மில்லிமீட்டருக்கு உட்பட்டதாயின் மூன்றில் இரண்டு பங்கினர்க்கு அது தானே வெளியேறிவிடும். 5 முதல் 10 மில்லிமீட்டர் வரையுள்ள கற்களில் ஏறத்தாழப் பாதியே தாமாக வரும். அதற்கு மேற்பட்டவை தாமாக வருதல் அரிது. சிறுநீர்ப்பைக்கு அருகே இறங்கிவிட்ட கல்லுக்கு வாய்ப்பு அதிகம். மேற்பகுதியிலேயே சிக்கியதற்கு வாய்ப்புக் குறைவு. காய்ச்சல் இல்லை, கிரியாட்டினின் சரியாக உள்ளது, வலி மருந்துக்கு அடங்குகிறது என்ற மூன்று நிபந்தனைகளும் நிறைவேறினால், வைத்தியர் மேற்பார்வையில் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை காத்திருக்கலாம்.

காத்திருக்கும் நாட்களில் பின்வருமாறு செய்யுங்கள்:

1. குழாயின் கீழ்ப்பகுதியில் உள்ள கல்லுக்கு, அதிலும் 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதற்கு, டாம்சுலோசின் என்ற மாத்திரையை வைத்தியர் எழுதித் தரலாம். அது குழாயைத் தளர்த்தும். எழுந்து நிற்கையில் தலைசுற்றல் உண்டாக்கக்கூடுமாதலால் இரவில் படுக்குமுன் உட்கொள்வது நன்று.

2. சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் மெல்லிய வெள்ளைத் துணியிலோ பழைய தேநீர் வடிகட்டியிலோ வடிகட்டுங்கள்.

3. கல் கிடைத்தால் கழுவி உலர்த்திச் சிறு டப்பாவில் இட்டு, பரிசோதனைச் சாலைக்குக் கொடுங்கள். எந்த வகைக் கல் என்று தெரிந்தால்தான் இனி வராமல் தடுக்கும் வழியும் தெளிவாகும்.

4. கல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், வலி இருந்தாலும் நின்றாலும், குறித்த நாளில் மறு ஸ்கேன் எடுத்தே தீர வேண்டும்.

நான்காவது படியைத்தான் பலர் கைவிடுகின்றனர். அடைப்பு நீடிக்கும்போது சிறுநீரகம் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்வதால் நெருக்கம் தணிந்து வலியும் ஓய்ந்துவிடுகிறது. நோயாளி குணமாயிற்றென்று மகிழ்ந்து கூலிக்குச் செல்கிறார். மாதங்கள் கழித்து வேறொரு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கும்போது, கல் இருந்த இடத்திலேயே இருக்க, அதன்மேல் இருந்த சிறுநீரகம் பயனற்ற நீர்ப்பையாகிவிட்டது தெரியவருகிறது. ஒரு மறு ஸ்கேனால் தடுத்திருக்கக்கூடிய இந்த நஷ்டத்தை எந்தச் சிகிச்சையாலும் திருப்பிப் பெற இயலாது.

கல்லை அகற்றும் முறைகள்

*அதிர்வலைச் சிகிச்சை.* 1980ஆம் ஆண்டு ஜெர்மனியின் மியூனிக் நகரில் மனிதருக்கு முதன்முதலாகச் செய்யப்பட்டது. உடலைக் கீறாமல் வெளியிலிருந்து அலைகளைச் செலுத்திக் கல்லைப் பொடியாக்கும். சிறுநீரகத்தில் உள்ள, 20 மில்லிமீட்டருக்கு உட்பட்ட, மிகக் கடினமல்லாத கற்களுக்கு ஏற்றது. கர்ப்பிணிகளுக்கும், தீராத தொற்றுள்ளவர்க்கும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்பவர்க்கும் ஆகாது. பொடிகள் வெளியேறும் நாட்களில் வலி வரலாம். ஒரே அமர்வில் முடியாமலும் போகலாம்.

*குழாய்வழி லேசர் சிகிச்சை.* சிறுநீர் கழியும் துவாரத்தின் வழியே மெல்லிய கருவியைச் செலுத்திக் குழாயில் உள்ள கல்லை உடைத்து எடுப்பர். வளையும் தன்மையுள்ள கருவியால் சிறுநீரகத்துக்குள்ளும் சென்று அவ்வாறே செய்வது உண்டு. வெளியே தையல் கிடையாது.

*முதுகுவழித் துளைச் சிகிச்சை.* 1976இல் ஸ்வீடனில் தொடங்கியது. முதுகில் சிறு துளையிட்டுக் கல்லை உடைத்து எடுப்பர். 20 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கற்களுக்கும், மான்கொம்பு வடிவில் கிளைத்த கற்களுக்கும் இதுவே முதன்மையானது. சில நாட்கள் மருத்துவமனையில் தங்க நேரும்.

*மருந்தால் கரைத்தல்.* யூரிக் அமிலக் கல் ஒன்றே மருந்தால் நன்கு கரையத்தக்கது. பொட்டாசியம் சிட்ரேட்டால் சிறுநீரின் அமிலத்தன்மையைத் தணித்தால் அது கரைந்துவிடும். கால்சியக் கல் இவ்வாறு கரைவதில்லை. நீர்க்கடுப்புக்கென விற்கும் காரமருந்துகளைக் கணக்கின்றிக் குடித்தால், சிறுநீர் மிகவும் காரமாகி வேறு வகைக் கற்கள் வளரவும் இடமுண்டு.

*செலவைப் பற்றி:* ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்தார், குடும்ப அட்டையுடனும் கிராம நிர்வாக அலுவலரிடம் பெற்ற வருமானச் சான்றுடனும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவு செய்துகொள்ளலாம். நோய் வந்தபின் அலைவதைவிட முன்னரே பதிந்து வைப்பது விவேகம். மருத்துவமனையில் சேருமுன், உங்களுக்குச் செய்யவிருக்கும் சிகிச்சை அங்கே திட்டத்தில் அடங்குமா என்று காப்பீட்டு அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே வைத்த டியூபை மறவாதிருத்தல்

சிகிச்சைக்குப் பின், சிறுநீர் தடையின்றி இறங்குவதற்காக, ஸ்டென்ட் என்னும் மெல்லிய டியூபைக் குழாயினுள் வைப்பது வழக்கம். அது இருக்கும்வரை அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றும். கழிக்கையில் முதுகில் சுண்டும். கடினமாக உழைத்த நாளில் சிறுநீர் சிவக்கவும் கூடும். இவை அச்சத்துக்குரியவை அல்ல. காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே செல்ல வேண்டும்.

1. டியூப் வைத்த தேதியையும் எடுக்க வேண்டிய தேதியையும் மருத்துவமனையை விட்டு வெளியேறுமுன் எழுதி வாங்குங்கள்.
2. அத்தேதியை வீட்டு நாட்காட்டியில் எழுதி, குடும்பத்தில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.
3. வெளியூர் வேலைக்குச் செல்வதாயின் சீட்டை உடன் எடுத்துச் செல்லுங்கள்.
4. தொந்தரவு இல்லை என்பதற்காக நாளைத் தள்ளாதீர்கள். பெரும்பாலும் சில வாரங்களில் எடுக்க வேண்டிய டியூபை மாதக்கணக்காக விட்டுவிட்டால் அதன்மேலேயே கல் படிந்து, எடுப்பதற்கே தனி அறுவை தேவைப்படும்.

வாழைத்தண்டும் சிறுபீளையும்

வாழை செழித்த இப்பள்ளத்தாக்கில் வாழைத்தண்டுச் சாறு முதல் மருந்தாக இருப்பதில் வியப்பில்லை. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபீளையும், நெருஞ்சிலும் அவ்வாறே தொன்றுதொட்டுக் கையாளப்படுகின்றன. இவற்றோடு உள்ளே செல்லும் நீர் மெய்யாகவே நன்மை செய்கிறது. சிறு கல் தானே வெளியேறும் காலத்தில் இவற்றை அளவாக உட்கொள்வதால் பெரும்பாலோர்க்குத் தீங்கில்லை. ஆனால் குழாயை அடைத்துவிட்ட பெரிய கல்லை இவை கரைத்துவிடும் என்று நம்பி மாதங்களைக் கழிப்பது அபாயம். பண்டைய சுசுருத சம்ஹிதையே, மருந்துக்கு அடங்காத கல்லை அறுவையால் அகற்றும் முறையை விவரிக்கிறது என்பதை நாட்டு வைத்தியத்தில் நம்பிக்கையுடையோர் நினைவிற்கொள்ள வேண்டும்.

- கிரியாட்டினின் மிகுந்தவர்கள் வாழைத்தண்டுச் சாறு, இளநீர் ஆகியவற்றை வைத்தியரைக் கேளாமல் அருந்தலாகாது. அவற்றிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பைப் பாதிக்கும்.
- மலையாளத்தார் இரும்பன்புளி என்று கூறும் பிலிம்பிக்காயின் சாற்றைச் செறிவாகக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தது கேரளத்தில் பதிவாகியுள்ளது. அதில் ஆக்சலேட் மிகுதி. அதை அறவே விலக்குங்கள்.
- பீர் குடித்தால் கல் வெளியேறும் என்பது வீண் நம்பிக்கை. அது யூரிக் அமிலத்தைப் பெருக்கி, பின்னர் உடலின் நீரையும் வறளச் செய்யும்.

மீண்டும் வராமல் காத்தல்

ஒருமுறை கல் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, தடுப்பு முறைகளைக் கைக்கொள்ளாவிடில், பத்து ஆண்டுகளுக்குள் மீண்டும் வருகிறது. தடுப்பின் முதற்படி நீர். எவ்வளவு குடித்தோம் என்பதைவிட எவ்வளவு கழித்தோம் என்பதே இங்கே கணக்கு. நாளொன்றுக்கு 2 முதல் 2½ லிட்டர் சிறுநீர் கழிய வேண்டும். அதை வீட்டிலேயே அளந்து அறியலாம்:

1. ஓய்வு நாளொன்றைத் தேர்ந்தெடுத்து, காலை 6 மணிக்குக் கழிக்கும் சிறுநீரை விட்டுவிடுங்கள்.
2. அதன்பின் கழிப்பதையெல்லாம் லிட்டர் குறியிட்ட பாத்திரத்தில் அளந்து எழுதுங்கள்.
3. மறுநாள் காலை 6 மணிக்குக் கழிப்பதையும் சேர்த்துக் கூட்டுங்கள்.
4. 2 லிட்டருக்குக் குறைந்தால், குறைந்த அளவுக்கு மேல் சிறிது சேர்த்து நாள்தோறும் கூடுதலாகக் குடியுங்கள். வேலை நாளில் ஒருமுறையும் இவ்வாறு அளந்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வேற்றுமையே உங்கள் வியர்வையின் கணக்கு.

தோட்டத்துக்கும் சூளைக்கும் செல்வோர் புறப்படுமுன் இரண்டு குவளை, வேலையிடத்தில் மணிக்கொரு குவளை, படுக்குமுன் ஒரு குவளை என்று பழக்கப்படுத்திக்கொள்வது எளிது. எலுமிச்சைச் சாற்றை உப்பும் மிகுதியான சர்க்கரையும் இன்றி நீரில் கலந்து குடித்தால், அதிலுள்ள சிட்ரேட் கல் உருவாவதைத் தடுக்க உதவும். இதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றுக்காக நீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டோர் மட்டும் வைத்தியர் சொன்ன அளவை மீறக்கூடாது.

வேலையிடத்தில் ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே பகல் முழுதும் தண்ணீரைத் தொடாத பெண்கள் நம்மிடையே ஏராளம். இது அவர்களுடைய அசட்டையன்று. தூய கழிப்பறை அமைத்துத் தராதவர்களின் குறை. மேற்பார்வையாளரும் முதலாளிகளும் இதைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதிச் செய்து தருதல் வேண்டும்.

ஆகாரத்தில் கவனிக்க வேண்டியவை இவை:

- பால், தயிர், மோரை நிறுத்தாதீர்கள். உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பற்றி வெளியேற்றுகிறது. அதை நிறுத்தினால் கல் உண்டாகும் வாய்ப்பு கூடும்.
- உப்பை நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் நிறுத்துங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றிலுள்ள உப்பும் இதில் சேரும்.
- பசலைக்கீரை, தண்டுக்கீரை, பீட்ரூட், முந்திரி, நிலக்கடலை ஆகியவற்றை அளவாக, தயிரோடு சேர்த்து உண்ணுங்கள்.
- ஆட்டிறைச்சி, ஈரல் முதலியவற்றைக் குறையுங்கள். யூரிக் அமிலக் கல் உள்ளவர்க்கு இது மிக அவசியம்.
- தக்காளி விதையும் கத்தரி விதையும் கல்லாக மாறும் என்பது ஆதாரமற்ற அச்சம்.
- வைட்டமின் சி மாத்திரைகளைத் தாமாகவே நாள்தோறும் விழுங்காதீர்கள். மிகுதி ஆக்சலேட்டாக மாறும்.

குறித்து வைக்க வேண்டிய தேதிகள்

இந்நூலின் உட்புற அட்டையிலோ மருத்துவக் கோப்பின் முதல் தாளிலோ நான்கு வரிகளை எழுதிக்கொள்ளுங்கள்: கல்லின் அளவும் இடமும், மறு ஸ்கேன் எடுக்கும் தேதி, டியூப் இருப்பின் அதை எடுக்கும் தேதி, கல் நீங்கியது உறுதியானபின் ஆறு மாதம் கழித்தும், பின்னர் ஆண்டுக்கொரு முறையும் ஸ்கேன், கிரியாட்டினின் பார்க்கும் மாதம். வலி இல்லாத நாட்களில் இந்த நான்கு வரிகளைப் பின்பற்றுபவரே சிறுநீரகத்தைக் காத்துக்கொள்பவர். ஆகவே நோயில்லாத உறவினர் ஒருவரிடம் இன்றே அந்தத் தாளைக் காட்டி, தேதி நெருங்கும்போது நினைவூட்டும் பொறுப்பை அவரிடம் ஒப்படையுங்கள்.